“ஒரு நாய்க்கா இந்த அழுகை?” என்று டீச்சர் கேட்ட பிறகு

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகன் நான்காம் வகுப்பு, ஒன்பது வயது. அவன் தவழ்ந்த காலத்திலிருந்து வீட்டில் இருந்த டைகர் என்ற நாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருமுனையில் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. மறுநாள் கணக்குத் தேர்வு என்பதால் பையனைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவன் தேம்ப ஆரம்பித்ததும், வகுப்பு டீச்சர் எழுப்பி நிறுத்தி, “யாரு செத்துட்டாங்கன்னு இப்படி ஒப்பாரி வைக்கிறே?” என்று கேட்டிருக்கிறார். அவன் சொன்னதும், “ஒரு நாய்க்கா? போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம், உக்காந்து எழுது” என்றிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து பையன் வீட்டில் அழுவதே இல்லை. டைகர் பெயரையும் எடுப்பதில்லை. ஆனால் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் தினமும் வயிறு வலிக்கிறது என்கிறான். அப்பா, “ஆம்பளப் பிள்ள, நாலு நாள்ல மறந்துருவான், டீச்சர்கிட்ட போய் எதையும் கேட்டு வைக்காதே” என்கிறார். நாலு வயதுத் தங்கை, “டைகர் எப்ப வரும்?” என்று கேட்டபடி இருக்கிறாள். பள்ளியில் பேசலாமா, விட்டுவிடலாமா? பையனிடம் என்ன சொல்வது? புதுக் குட்டி வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா?

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். இதே கதையைக் கிளி, முயல், ஆட்டுக்குட்டி, சேவல் என்று பல உருவங்களில் கேட்டிருக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: பள்ளியில் கண்டிப்பாகப் பேசுங்கள். ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை இன்றைக்கே செய்யுங்கள்.

உங்கள் மகனுக்கு இரண்டு அடி விழுந்திருக்கிறது. ஒன்று டைகர் போனது. இன்னொன்று, டைகருக்காக அழுதது வெட்கப்பட வேண்டிய காரியம் என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் அவனுக்குச் சொல்லப்பட்டது. முதல் அடி வலிக்கும், ஆனால் கூட ஆள் இருந்தால் ஆறிவிடும். அந்த ஆறுதலுக்கான வழியைத்தான் இரண்டாவது அடி அடைத்துவிடுகிறது. அவன் வீட்டில் அழாமல் இருப்பதைத் தேறிவிட்டான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அழுதால் சிரிப்பார்கள் என்று அன்று தெரிந்துகொண்டான், அதனால் அடக்கி வைத்திருக்கிறான். வயிற்றுவலியும் நடிப்பு இல்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பயமும் துக்கமும் உடம்பில்தான் முதலில் தெரியும். வயிற்றில், தலையில், சில பிள்ளைகளுக்கு ராத்திரி படுக்கை நனைவதில். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் வலி வருகிறதா என்று கவனியுங்கள். காய்ச்சல், வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது ஆகியவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எதுவும் இல்லாமல் பள்ளி நாள் காலையில் மட்டும் வருகிற வலி என்றால், அது எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

நம் வீடுகளில் ஒரு மனிதர் இறந்தால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சொந்தக்காரர்கள் துட்டி கேட்க வருகிறார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை, சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது. பள்ளிக்கு லீவு லெட்டர் போகிறது, யாரும் காரணம் கேட்பதில்லை. பதினாறாம் நாள் காரியம் வரை வாய்விட்டு அழுவதற்கு எல்லாருக்கும் உரிமை உண்டு. ஒரு நாய் செத்தால் இதில் ஒன்றுகூடக் கிடையாது. ஞாயிறு சாயங்காலம் புதைத்துவிட்டு, திங்கள் காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வேனில் ஏற வேண்டியதுதான். கென்னத் டோக்கா என்ற அமெரிக்கத் துக்கவியல் அறிஞர் 1989இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். இழப்பு உண்மையானது, வலியும் உண்மையானது, ஆனால் அதற்காகத் துக்கப்படும் உரிமையைச் சுற்றியிருப்பவர்கள் தர மறுக்கிறார்கள். அப்படி அங்கீகாரம் கிடைக்காத துக்கம் ஆறுவதற்கு அதிகச் சிரமப்படும் என்றார். வளர்ப்புப் பிராணியின் சாவு அதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம்.

“நாய்தானே” என்ற பேச்சு நம் மண்ணின் வழக்கம் என்றும் சொல்ல முடியாது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போராடி விழுந்த வீரனுக்காக நட்ட கல் அது. அவன் பக்கத்திலேயே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் நம் ஆட்கள்தான். உங்கள் கணவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மதுரைப் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளையோ கோயில் காளையோ இறந்தால், மாலை போட்டு, மேளம் அடித்து, ஊரே கூடி அடக்கம் செய்வார்கள். அந்தக் கூட்டத்தில் மீசை வைத்த ஆம்பளைகள் வாய்விட்டு அழுவார்கள். யாரும் அவர்களைக் கேலி செய்வதில்லை.

சரி, வீட்டில் என்ன செய்வது? சாயங்காலம் ஒரு வேலையும் இல்லாத நேரத்தில் பையன் பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார வைத்து விசாரிப்பது போல வேண்டாம். பூப்பறித்துக்கொண்டோ, வெங்காயம் உரித்துக்கொண்டோ பேசினால் இந்த வயதுப் பையன்கள் எளிதாக வாயைத் திறப்பார்கள். பேச்சை நீங்களே ஆரம்பியுங்கள். “டைகர் ஞாபகமாவே இருக்குடா எனக்கு. சோறு வடிக்கும்போது அதுக்கும் சேர்த்து அரிசி போட்டுட்டேன்” என்பது போல உண்மையாக நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் பெயரைச் சொன்னால்தான் அவனுக்குச் சொல்லத் தோன்றும். அவன் உடனே அழாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைகளின் துக்கம் பெரியவர்களுடையது போலத் தொடர்ந்து இருக்காது. பத்து நிமிஷம் அழுவான், அப்புறம் கிரிக்கெட் பேட்டை எடுத்துக்கொண்டு ஓடுவான், ராத்திரி திரும்ப வரும். அவன் விளையாடுகிறான் என்பதற்காக மறந்துவிட்டான் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது முக்கியம். “டீச்சர் அப்படிக் கேட்டது தப்பு. நீ அழுதது தப்பு இல்ல” என்று இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். பிள்ளை முன்னால் ஆசிரியரைக் குறை சொல்லக் கூடாது என்று பலர் தயங்குவார்கள். டீச்சரை மோசமான ஆள் என்று திட்டத் தேவையில்லை, ஆனால் நடந்தது தவறு என்பதை அவன் ஒரு பெரியவர் வாயால் கேட்டாக வேண்டும். “மிஸ் ஏதோ டென்ஷன்ல சொல்லியிருப்பாங்க, விடு” என்று நீங்கள் சமாதானம் சொன்னால், வகுப்பில் தோற்ற பையன் வீட்டிலும் தோற்கிறான்.

குற்ற உணர்ச்சியையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். லாரியில் அடிபட்ட நாய் என்கிறீர்கள். கேட்டைத் திறந்துவிட்டது யார்? சங்கிலியை அவிழ்த்தது யார்? பையனாக இருந்தால், அல்லது தான்தான் என்று அவனாகவே நினைத்துக்கொண்டிருந்தால், அவன் மௌனத்தில் பாதி அதுவாக இருக்கும். “உன் தப்பு இல்லடா” என்று அவசரமாக மூடிவிடாமல், “அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லு” என்று முழுதாகக் கேளுங்கள். நிஜமாகவே அவன்தான் கேட்டைத் திறந்து வைத்திருந்தாலும் சொல்வதற்கு உண்மை இருக்கிறது. கேட் தினமும்தான் திறந்து கிடந்தது, டைகர் தினமும்தான் வெளியே போய் வந்தது, அன்றைக்கு லாரி வந்தது. அது சாக வேண்டும் என்று யாரும் எதையும் செய்யவில்லை. அவன் தன் கதையைச் சொல்லி முடித்த பிறகு இதைச் சொன்னால்தான் உள்ளே இறங்கும்.

டைகரைப் பெரியவர்களே அவசரமாகப் புதைத்துவிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த இடத்துக்கு அவனைக் கூட்டிப் போங்கள். கழுத்துப்பட்டையையோ தண்ணீர் வைத்த சட்டியையோ தூக்கிப் போடாதீர்கள், எதை வைத்துக்கொள்வது என்று அவன் முடிவு செய்யட்டும். ஒரு செடி வைக்க ஆசைப்பட்டால் வைக்கட்டும், படம் வரைய வேண்டுமென்றால் வரையட்டும். மனிதர்களுக்குச் செய்யும் காரியத்தின் இடத்தில் அவனுக்கு இது ஒன்றாவது வேண்டும். அப்பாவும் கூட வந்தால் பெரிய உதவி. அவர் எதுவும் பேச வேண்டியதில்லை, பக்கத்தில் நின்றால் போதும்.

தங்கையின் கேள்வி வேறு மாதிரி. ஹங்கேரிய உளவியலாளர் மரியா நாகி, புடாபெஸ்டில் மூன்று முதல் பத்து வயது வரையான பிள்ளைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டு எழுதிய ஆய்வு 1948இல் வெளியானது. ஐந்து வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகள் சாவை ஒரு பயணம் போல, ஒரு தூக்கம் போலத்தான் பார்த்தார்கள். போனவர் வருவார் என்றே நினைத்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழு வயது வாக்கில் சாவு திரும்பாதது என்பது புரிந்துவிடுகிறது என்றன. ஆக உங்கள் மகனுக்கு முழுதாகத் தெரியும், மகளுக்குத் தெரியாது. அவளிடம் “தூங்குது” என்றோ “ஊருக்குப் போயிருக்கு” என்றோ சொல்லாதீர்கள். தூங்கப் போகவும், அம்மா அப்பா ஊருக்குப் போகும்போது அனுப்பவும் பயப்படுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். “டைகர் செத்துப்போச்சும்மா. அதோட உடம்பு இனி வேலை செய்யாது. இனிமே மூச்சு விடாது, சாப்பிடாது, ஓடாது, வலிக்கவும் வலிக்காது. திரும்பி வராது” என்று சொல்லுங்கள். நாளைக்கும் அதையே கேட்பாள், அதே பதிலைச் சொல்லுங்கள். “சாமிகிட்ட போயிருச்சு” என்பது உங்கள் வீட்டு நம்பிக்கை என்றால் அதையும் சொல்லலாம், ஆனால் செத்துப்போனது என்பதைச் சொல்லிவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

இனி டீச்சர் விஷயம். அவரைப் பற்றி நான் ஒன்று யோசிக்கிறேன். நம் கிராமங்களில் வளர்ந்த பலருக்கும் சின்ன வயதில் ஒரு ஆட்டுக்குட்டியோ சேவலோ இருந்திருக்கும். கையில் தழை கொடுத்து வளர்த்ததைக் கோயில் கொடைக்கு வெட்டியிருப்பார்கள், அல்லது வியாபாரி வந்து ஓட்டிப் போயிருப்பார். அழுத பிள்ளையிடம் “ஆட்டுக்கெல்லாமா அழுவாங்க” என்று சொல்லிச் சோறு போட்டிருப்பார்கள். தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் பலரும் திருப்பிச் சொல்கிறார்கள். ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் என்று ஒரு தாள் உண்டு, தேர்வும் உண்டு. ஆனால் அழுகிற பிள்ளையின் முன்னால் நின்று என்ன வார்த்தை சொல்வது என்று யாரும் பழக்கிவிடுவதில்லை. அதோடு தேர்வு நேரம், நாற்பது பிள்ளைகள், சிலபஸ். இதெல்லாம் அவர் ஏன் அப்படிப் பேசினார் என்பதை விளக்கும். பேசியது சரி என்று ஆக்காது. ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தி, மற்ற பிள்ளைகளைச் சிரிக்க வைத்தது எந்த நெருக்கடியிலும் செய்யக் கூடாதது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு சேர்த்து மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் குத்தலான பேச்சு, ஏளனம், அவமானப்படுத்துவது எல்லாவற்றையும் அதில் சேர்த்திருக்கின்றன.

இந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. உங்களுக்கு வேண்டியது டீச்சருக்குத் தண்டனை இல்லை. உங்கள் மகனிடம் அவரே வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதுதான் வேண்டும். நான் சொல்லும் எந்த ஆறுதலும், நீங்கள் சொல்லும் எதுவும், அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது, ஏனென்றால் காயம் அங்கிருந்துதான் வந்தது. அந்தக் குறிக்கோளை மனதில் வைத்துக்கொண்டு போனால் எப்படிப் பேசுவது என்பது தானாக வந்துவிடும்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். காலையில் மணி அடிக்கிற நேரத்தில் வாசலில் நிறுத்திக் கேட்காதீர்கள். டைரியில் எழுதியோ போன் செய்தோ பதினைந்து நிமிஷம் நேரம் கேட்டு, பள்ளி விட்ட பிறகு போங்கள், முடிந்தால் கணவரோடு. பையனை அந்த அறையில் உட்கார வைக்க வேண்டாம். “டீச்சர், எங்க வீட்டு நாய் ஞாயித்துக்கிழமை அடிபட்டுச் செத்துப்போச்சு. மறுநாள் உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம், எங்களுக்குத் தோணல. பிள்ள கிளாஸ்ல அழுதப்ப நீங்க கேட்டதும் மத்த பிள்ளைங்க சிரிச்சதும் அவனை ரொம்பப் பாதிச்சிருக்கு. அன்னையிலிருந்து காலைல வயித்துவலின்னு சொல்றான். நீங்க அவன்கிட்ட தனியா ஒரு வார்த்தை பேசினா சரியாகிடும்னு நினைக்கிறோம்” என்று இந்த அளவில் பேசுங்கள். நாய் பெரிதா, கணக்குப் பரீட்சை பெரிதா என்ற விவாதத்துக்குள் போகவே வேண்டாம்.

பெரும்பாலான ஆசிரியர்கள் இந்த இடத்தில் இறங்கி வருவார்கள். வயிற்றுவலியைக் கேட்டதும் முகம் மாறுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். “நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன்” என்றால், “நீங்க அப்படி நினைச்சுத்தான் சொல்லியிருப்பீங்க டீச்சர், அவனுக்கு அப்படிப் படல” என்று சொல்லிவிட்டு, கேட்டதையே திரும்பக் கேளுங்கள். அவர் பையனிடம், “டைகர் செத்துப்போச்சுன்னு அன்னைக்கு நான் சரியா கேட்டுக்கல, அப்படிப் பேசினது தப்பு” என்று சொன்னால் போதும். வகுப்பு முன்னால் நடந்ததால், வகுப்பிலும் ஏதாவது ஒன்று நடந்தால் நல்லது. மன்னிப்பு நாடகம் வேண்டாம். “உங்கள்ல யார் யார் வீட்டுல நாய், பூனை, ஆடு, கோழி இருக்கு? உங்களுக்குப் பிடிச்சது ஏதாவது செத்துப்போயிருக்கா?” என்று டீச்சர் ஒரு நாள் கேட்டால், பாதிக் கைகள் மேலே வரும். அன்று சிரித்த பிள்ளைகளிலும் சிலர் கை தூக்குவார்கள். தான் தனி ஆள் இல்லை என்று உங்கள் மகனுக்கு அப்போது தெரியும். எழுதாமல் விட்ட தேர்வை வேறொரு நாள் எழுத விடும்படியும் கேளுங்கள். அது நியாயமான கோரிக்கைதான்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் காலையில் தேவைப்பட்டது இரண்டே நிமிஷம். பக்கத்தில் போய்க் குனிந்து, “என்னடா ஆச்சு?” என்று மெதுவாகக் கேட்பது. கேட்டதும், “ஐயோ, டைகரா? பேரு நல்லா இருக்கே. போய் முகம் கழுவிட்டுத் தண்ணி குடிச்சிட்டு வா, எழுத முடிஞ்சா எழுது, முடியலன்னா நாளைக்குப் பாத்துக்கலாம்” என்பது. இதற்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டாம். சாவைப் பற்றி நாற்பது பிள்ளைகள் வகுப்பறையில் முதன்முதலாகக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இப்படி ஒரு பிள்ளையின் கிளியோ நாயோ செத்த நாளில்தான். நாளைக்கு அவர்களில் ஒருவர் வீட்டில் தாத்தா இறக்கும்போது, டீச்சர் அன்று என்ன செய்தார் என்பதை வைத்துத்தான் வாயைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்வார்கள்.

டீச்சர் பிடிவாதமாக இருந்தால் தலைமை ஆசிரியரிடம் போங்கள், வாய்மொழியாக வேண்டாம், தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். அரசுப் பள்ளியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் சொல்லலாம். தமிழக அரசின் கல்வி உதவி எண் 14417. திரும்பத் திரும்ப அவமானப்படுத்துவது நடந்தால், அல்லது புகார் சொன்னதற்காகப் பிள்ளையைப் பழிவாங்கினால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகாது என்றே நம்புகிறேன்.

பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்தாதீர்கள். வயிற்றுவலி என்று தொடர்ந்து வீட்டில் நிறுத்தினால், திரும்பப் போகும் நாள் இன்னும் கடினமாகும். முதல் சில நாள் நீங்களே கொண்டு விடுங்கள். அவனுக்கு நெருக்கமான ஒரு நண்பனின் வீட்டில் பேசி, அவனோடு சேர்ந்து உள்ளே போகும்படி பாருங்கள். மூன்று நான்கு வாரம் கழித்தும் சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எதுவும் பழையபடி ஆகவில்லை என்றால் மனநல உதவியை நாடுங்கள். “நானும் டைகர்கிட்ட போயிடுறேன்” என்பது போலப் பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

புதுக் குட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். “போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம்” என்று டீச்சர் சொன்னதை நீங்களே செய்து காட்டியது போல ஆகிவிடும், அவனுக்கும் அந்தக் குட்டியைப் பார்த்தாலே கோபம் வரும். சில மாதம் கழித்து அவனாக வாயைத் திறந்து கேட்கலாம், கேட்காமலும் போகலாம். கேட்டால், அவனையும் கூட்டிப் போய்த் தேர்ந்தெடுக்க விடுங்கள். பெயரை அவனே வைக்கட்டும், டைகர் என்று மட்டும் நீங்கள் வைத்துவிடாதீர்கள். குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தடுப்பூசி ஆரம்பித்து, பதினாறு வாரம் வரை தவணை தவறாமல் போட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் போட்டுவிடுங்கள். அதோடு, குட்டி வருவதற்கு முன்னால் கேட்டுக்கு ஒரு நல்ல கொக்கி போடுங்கள், அவனையும் கூட வைத்துக்கொண்டு.